மாத்திரையும் செபமாலையும்



ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நிற்கும்போது மந்திரிப்புக் கேட்டு வருகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படியே சொல்வார்கள். மருத்துவரின் பெயர், மாத்திரையின் நிறம், அன்று காலை பார்த்த சர்க்கரை அளவு எல்லாம் வந்துவிடும். மற்ற வகையினர் கூட்டம் கலையும்வரை சுற்றுச்சுவர் ஓரமாகக் காத்திருப்பார்கள். அருகில் வந்த பின்பும் நேராகச் சொல்லமாட்டார்கள். "பையன் சரியாகத் தூங்குவதில்லை ஃபாதர்", "மகள் பிள்ளை பெற்றதிலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறாள்", "யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் போலிருக்கிறது". இந்தக் கடைசி வாக்கியம் வந்துவிட்டால், நம்மிடம் வருவதற்கு முன்பே வேறு இரண்டு மூன்று இடங்களுக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று பொருள்.

இக்கட்டுரை அந்த இரண்டாம் வகையினருக்காக எழுதப்படுகிறது. மனநோயைப் பற்றித் திருச்சபை உண்மையில் என்ன சொல்கிறது, நம் திருச்சி மாவட்டத்தில் என்ன உதவி கிடைக்கிறது, வீட்டாரும் பங்குமக்களும் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பவற்றை ஓரிடத்தில் சேர்த்துச் சொல்ல முயல்கிறோம்.

முதலில் நம் பக்கத்துத் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு, நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்த காலத்தில், ஸ்ரீரங்கம் பக்கத்திலிருந்து ஒரு தாய் தம் மகனை அழைத்து வந்தார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்றான். நாம் அவன் தலையில் கைவைத்துச் செபித்தோம், தீர்த்தம் கொடுத்தோம், ஒன்பது வாரம் நவநாளுக்கு வரச் சொன்னோம். மருத்துவர் என்ற சொல் நம் வாயிலிருந்து வரவே இல்லை. ஒன்பது வாரமும் தவறாமல் வந்தார்கள். பத்தாம் வாரம் பிள்ளை வீட்டைவிட்டுப் போய்விட்டான். மூன்று நாள் கழித்து அம்மா மண்டபம் படித்துறையில், கிழிந்த சட்டையோடு காவிரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தவனைத் தெரிந்தவர் ஒருவர் கண்டு சொன்னார். அதன் பிறகுதான் மருத்துவமனை, மருந்து எல்லாம். அந்தத் தாய் ஒருநாளும் நம்மைக் குறை சொன்னதில்லை. ஆனால் மருந்து தொடங்கத் தாமதித்த அந்த மாதங்களைப் பற்றி அந்த மருத்துவர் நம்மிடம் சொன்னது மறக்கவில்லை. இத்தகைய நோயில் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்றார். குருத்துவக் கல்லூரியில் நாம் படித்த இறையியலில் எங்கும் மருத்துவரைத் தவிர்க்கச் சொல்லவில்லை. நாமாகவே அப்படி நடந்துகொண்டோம்.

மறைநூலும் திருச்சபையும் சொல்வது

நம் கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருந்துப் பொருள்களை நிலத்திலிருந்து விளையச் செய்தவர் ஆண்டவரே என்கிறது. நோயுற்றவர் செபிக்கவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்று இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, வயிற்றுக் கோளாறுக்காகச் சிறிது திராட்சை மது எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் (1 திமொ 5:23). எத்தனையோ பேருக்குக் கைவைத்துச் சுகம் கொடுத்தவர், தம் அன்பு மகனுக்கு வீட்டு வைத்தியம் சொல்லியிருக்கிறார்.

எலியாவின் கதை இன்னும் நெருக்கமானது (1 அரசர் 19). கர்மேல் மலையில் பெரிய வெற்றி கண்ட இறைவாக்கினர், அதன்பின் பாலைநிலத்தில் ஒரு செடியின் அடியில் படுத்து, தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கடவுளிடம் கேட்கிறார். கடவுள் அவரைக் கண்டிக்கவில்லை, 'உனக்கு விசுவாசம் போதாது' என்று சொல்லவுமில்லை. தூங்க விடுகிறார். வானதூதர் எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். மறுபடியும் தூங்க விடுகிறார். மறுபடியும் உணவு. 'இந்தப் பயணம் உனக்கு மிகவும் நீண்டது' என்ற பொருளில் ஒரு வார்த்தை மட்டும். ஓரேபு மலையில் பேச வேண்டியதையெல்லாம் நாற்பது நாள் கழித்துத்தான் பேசுகிறார். தூக்கமும் சாப்பாடும் போன ஒருவரிடம் நாம் முதல் நாளே அரைமணி நேரம் அறிவுரை சொல்கிறோமே!

பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவனா, பெற்றோரா என்று கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்தார் (யோவான் 9). ஆனாலும் அந்தக் கேள்வி நம் தெருக்களில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 'முன்னோர் சாபம்' என்று சொல்லிச் செபக்கூட்டம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

திருச்சபையின் போதனையில் இதுபற்றிக் குழப்பம் இல்லை. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று, குணமளிக்கும் செபங்களைப் பற்றிய அறிவுரை ஒன்றை வெளியிட்டது. செபிப்பது மருத்துவத்தைத் தள்ளிவைப்பது ஆகாது, மாறாக அதைப் பயன்படுத்த ஊக்கமளிக்கிறது என்று அதில் தெளிவாக உள்ளது. அப்போது அப்பேராயத்தின் தலைவராக இருந்தவர் கர்தினால் ராட்சிங்கர். அவரே திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் ஆன பின்பு, 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 உலக நோயாளர் நாள் செய்தியை முழுவதும் மனநோயாளர்களுக்காகவே எழுதினார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1996-இல், மனநோயால் துன்புறுகிறவர் எப்பொழுதும் கடவுளின் சாயலைத் தாங்கியே இருக்கிறார் என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கற்பித்தார். 'எப்பொழுதும்' என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னார். பிதற்றும்போதும், உடை களையும்போதும், நம்மை அடையாளம் தெரியாமல் திட்டும்போதும் என்று நாம் பொருள் கொள்ளலாம்.

பேய் பிடித்திருக்கிறதோ என்ற அச்சத்தோடு வருகிறவர்களுக்காக ஒரு செய்தி. பேயோட்டும் சடங்கை ஆயரின் வெளிப்படையான அனுமதி பெற்ற குருவைத் தவிர வேறு எவரும் செய்யக்கூடாது (திருச்சபைச் சட்டம் 1172). அனுமதி பெற்றவரும் முதலில் இது நோயல்ல என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மனநோய் மருத்துவத்துக்கு உரியது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (1673) சொல்கிறது. வலிப்பு நோய், தைராய்டு குறைபாடு, மூளைக்காய்ச்சல், மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு, முதுமை மறதி ஆகிய எல்லாமே நம் ஊர்களில் 'காத்து கருப்பு' என்று பெயர் வாங்கியிருக்கின்றன. சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய தைராய்டு குறைபாட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தாயத்து கட்டிக்கொண்ட குடும்பங்களை நமக்குத் தெரியும்.

புனிதர்களும் இதிலிருந்து தப்பியவர்கள் அல்லர். சிறுமலர் புனித தெரேசாளின் தந்தை லூயி மார்ட்டின் 1889 முதல் 1892 வரை பிரான்சு நாட்டில் கான் நகரிலிருந்த மனநோய் மருத்துவமனையில் இருந்தார். மகள்கள் கன்னியர் மடத்துக்குப் போனதால்தான் அவருக்குப் புத்தி பேதலித்தது என்று ஊர் பேசியது. பெண் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! அந்தத் தந்தை 2015 அக்டோபர் 18 அன்று, தம் மனைவி செலியோடு சேர்ந்து புனிதராக அறிவிக்கப்பட்டார். இறை யோவான் என்று நாம் அழைக்கும் புனிதர் கிரனாடா நகரில் பைத்தியம் என்று அடைக்கப்பட்டு, அக்கால 'சிகிச்சை'யாகச் சாட்டையடி வாங்கியவர். வெளியே வந்து அவர் தொடங்கிய மருத்துவப் பணிதான் இன்று உலகெங்கும் ஒரு சபையாக நடக்கிறது.

தெப்பக்குளம் லூர்து அன்னை ஆலயத்தையும் தூய வளனார் கல்லூரியையும் கடந்து போகும் திருச்சி மக்களுக்கு இயேசு சபையின் புனித இஞ்ஞாசியார் புதியவரல்லர். அவர் 1522-இல் மன்ரேசாவில் இருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டும் மனம் அமைதியடையாமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும் அளவுக்குத் துன்புற்றார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாரம் மூன்று முறை ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வந்து அதே பாவத்தைச் சொல்லி, மன்னிப்புப் பெற்றும் நம்பமுடியாமல் அழுகிறவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். கை கழுவிக்கொண்டே இருக்கும் எண்ணச் சுழற்சி நோயின் இன்னொரு முகம் இது. மன்னிப்புப் பற்றிய மறையுரை இவர்களுக்குப் பயன்படாது. ஒரே குருவிடம் மட்டும் அறிக்கையிடுவதும், மனநல மருத்துவரைப் பார்ப்பதும் பயன்படும்.

ஏர்வாடியும் குணசீலமும்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி நடந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓடமுடியாமல் எரிந்து இறந்தார்கள். அன்று ஆண்டவரின் உருமாற்றத் திருவிழா. அது இன்னொரு மதத்தாரின் ஊர் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் திருத்தலங்கள் சிலவற்றிலும், பாதுகாப்பு என்ற பெயரில் சங்கிலி இருந்த காலம் உண்டு. அந்தக் குடும்பங்கள் கல்நெஞ்சர்களும் அல்லர். பக்கத்தில் மருத்துவர் இல்லை, மருந்து வாங்கப் பணம் இல்லை, வீட்டில் வைத்துக்கொள்ள வழியில்லை, புனிதரின் காலடியில் விட்டால் பார்த்துக்கொள்வார் என்று நம்பினார்கள்.

ஏர்வாடிக்குப் பிறகு நடந்த ஒரு நல்ல மாற்றம் நம் திருச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சியிலிருந்து சேலம் போகும் சாலையில், சுமார் 20 கிலோமீட்டரில், காவிரியின் வடகரையில் குணசீலம் பெருமாள் கோயில் உள்ளது. மனம் பேதலித்தவர்களை அங்கே 48 நாள் தங்கவைத்து, உச்சிப்பொழுதிலும் இரவிலும் வழிபாட்டின்போது முகத்தில் தீர்த்தம் தெளிப்பது நெடுங்கால வழக்கம். ஏர்வாடி விபத்துக்குப் பின் அரசு கெடுபிடி செய்தபோது, அங்கே உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் ஏற்பட்டது. மனநல மருத்துவர் வந்து பார்க்கிறார், மருந்து கொடுக்கப்படுகிறது, தீர்த்தமும் தெளிக்கப்படுகிறது. ஏர்வாடியிலும் பிற்பாடு, தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மருந்தும் வேண்டுதலும் சேர்ந்தே கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. நம் திருத்தலங்களில் நோயாளிகளோடு வந்து தங்கும் குடும்பங்களுக்கு இத்தகைய ஏற்பாடு உண்டா என்று நாம் கேட்டுக்கொள்ளலாம். அயலாரிடம் கற்றுக்கொள்வதில் வெட்கம் எதற்கு?

இப்போதைய சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயாளி எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது. உடல் நோய்க்குக் கிடைப்பது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரப்பட வேண்டும்.

எங்கே போவது?

1996-இல் நடுவண் அரசு மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இத்திட்டம் முதன்முதலில் வந்தது நம் திருச்சி மாவட்டத்துக்குத்தான், 1997-இல். புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் புறநோயாளர் சிகிச்சையும் மருந்தும் இலவசம். திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாள்களில் வட்டார அரசு மருத்துவமனைகளுக்கும் செல்கிறார்கள். உங்களுக்கு அருகில் எந்த நாள் என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் நம் பங்குமக்களில் பலர், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மதுரைக்கோ சென்னைக்கோ போகிறார்கள். அங்கே போய் அடுத்த தெருக்காரரையே சந்தித்த கதையும் உண்டு. 2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலக் குறைவு இருக்கிறது. ஞாயிறு திருப்பலியில் நீங்கள் உட்காரும் வரிசையை எண்ணிப் பாருங்கள்.

தொலைபேசியில் பேச விரும்புவோர் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 'டெலி மானஸ்' என்ற இந்த நடுவண் அரசுச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.

மருந்தைப் பற்றி இரண்டு செய்திகள். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துகிறவர்கள் பலர். அடுத்து, நன்றாக ஆனபின்பும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். 'ஆண்டவர் சுகம் கொடுத்துவிட்டார், சாட்சி சொல்லப் போகிறேன், மாத்திரை வேண்டாம்' என்று சொல்கிறவர்களிடம் நாம் சொல்வது: சாட்சி சொல்லுங்கள், மாத்திரையையும் போடுங்கள். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். உங்களை நிறுத்தச் சொல்கிற போதகர் யாராக இருந்தாலும், குருவாகவே இருந்தாலும், அவருக்கு அந்த அதிகாரம் இல்லை.

உடல் நோயாளிகளையும் மறக்கக்கூடாது. நீண்டநாள் சர்க்கரை, டயாலிசிஸ், பக்கவாதம், புற்றுநோய் ஆகியவற்றோடு வாழ்கிறவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. 'வயதாகிவிட்டது, அதனால் சோர்ந்திருக்கிறார்' என்று விட்டுவிடுகிறோம். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மருமகளோ தூக்கமின்றித் தேய்வதை அதைவிடக் குறைவாகவே கவனிக்கிறோம். அன்பியக் கூட்டத்தில் அந்த வீட்டுக்காக ஒரு செபமாலை சொல்வதோடு, ஒரு பிற்பகல் நோயாளியின் அருகில் இருந்து அந்தப் பெண்ணைத் தூங்கவிடுவதும் வேண்டும்.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு யோபுவின் நண்பர்கள் நல்ல பாடம். ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை சரியாகவே செய்தார்கள். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

நோயில்பூசுதல் சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்ற எண்ணத்தையும் விட வேண்டும். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கைப் புதுப்பித்தது முதல், கடுமையான நோய் கண்ட எவரும் அதைப் பெறலாம். ஆங்கிலத்தில் வழங்கும் சடங்கு நூல் கடுமையான மனநோயையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்' என்ற பேச்சைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. சரியாகாது. நோயை மறைத்து நடத்தும் திருமணம் அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ செய்யும் அநீதி. வேண்டுமென்றே செய்த ஏமாற்று, திருமணத்தின் செல்லுந்தன்மையையே கேள்விக்குள்ளாக்கும் (சட்டம் 1098). மாறாக, உண்மையைச் சொல்லி, ஒழுங்காக மருந்து எடுத்து, நல்ல குடும்பம் நடத்துகிறவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள்.

தற்கொலையால் இறந்தவர்கள்

இதை எழுதாமல் விட முடியாது. தற்கொலை செய்துகொண்டவருக்குக் கோயில் மணி அடிக்கமாட்டார்கள், கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் தெரிந்தே உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது உண்மைதான். 1983-ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. உயிர் கடவுளுடையது, அதை நாமே முடித்துக்கொள்வது பாவமே என்ற போதனை மாறவில்லை. ஆனால் கடுமையான மனக்கோளாறும் வேதனையும் அச்சமும் அந்தச் செயலுக்கான பொறுப்பைக் குறைக்கின்றன என்றும், இவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும், திருச்சபை இவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் மறைக்கல்வி (2282-2283) சொல்கிறது. எனவே அடக்கத் திருப்பலி உண்டு, மணி உண்டு, நினைவுத் திருப்பலிக்கு அறிவிப்பில் பெயரும் உண்டு. அந்தத் தாய்க்கு அடுத்த ஞாயிறு கோயிலில் பக்கத்தில் உட்கார ஆள் இருக்க வேண்டும்.

முயன்று பிழைத்தவர்களைக் குடும்பத்தார் போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்குவதுண்டு. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டனையிலிருந்து காத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சிக்கென்று இருந்த பழைய 309-ஆம் பிரிவே இல்லை. நேரம் கடத்தாமல் கொண்டுபோங்கள்.

நடைப்பயணத்துக்குப் புறப்படுகிறவர்களுக்கு

ஆகஸ்ட் கடைசியில் திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடக்கத் தொடங்கிவிடுவீர்கள். சுமார் 150 கிலோமீட்டர். ஆரோக்கிய அன்னையிடம் போகும்போது மாத்திரை எதற்கு என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். தஞ்சாவூர் தாண்டுவதற்குள் தூக்கம் கெட்டு, நோய் திரும்பி, உடன் வந்தவர்கள் செய்வதறியாது வழியில் நின்றதும் உண்டு. லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் நடந்தால் அந்த மருந்தே இரத்தத்தில் கூடி நஞ்சாகிவிடும். புறப்படுமுன் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் நடக்க வேண்டாம் என்றால் பேருந்தில் வாருங்கள், நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கப் பங்குத்தந்தையிடம் கேட்கலாம். நோன்பும் அப்படித்தான், நோயாளிகளை அது கட்டுப்படுத்தாது. நடக்கிறவர்கள் பத்து நாளுக்கான மாத்திரையும், மருந்துச் சீட்டின் நகலும், வீட்டுத் தொலைபேசி எண்ணும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் செபமாலையோடு இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். குழுத் தலைவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.